மூத்த மருமகனும் லேபிள் இல்லாத டப்பாவும்

நோம்புக்குச் சில வாரங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஸ்ரீவில்லிபுத்தூரில் சாகுல் ஹமீதின் வீட்டுக் கூடத்தில் ஒரு சஹன் தாம்பாளத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேற்குச் சுவரில் சாய்ந்தபடி வீட்டுக்காரர் சாகுல் ஹமீது. அவருக்கு நேர் எதிரே, கூமாப்பட்டியிலிருந்து அவருடைய பண்ணைக்குப் பால் கொண்டுவரும் பழைய சிநேகிதர் மலைச்சாமி. இடது கைப்பக்கம், கை கழுவும் குழாயை ஒட்டி, மூத்த மருமகன் ஜாபிர். வலது கைப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, ஜிம் நடத்தும் இளைய மருமகன் முஹம்மது அனஸ். அடுக்களை வாசலில் மாமியார் நூர்னிசாவும், அவருடைய இரண்டு பெண்கள் ரமீஜாவும் சப்ரீனும், தங்கள் சஹனைத் தொடாமல், ஆண்களுக்கு என்ன குறைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜாபிருக்கு ஒன்றுதான் குறைந்தது. அந்த மின்விசிறிக்குக் கீழே இருந்த இடம்.

ரமீஜாவைக் கட்டிய நாளிலிருந்து அது அவனுடைய இடம். அன்றைக்கு மாமனார், "முழங்காலு வலிக்குன்னு சொன்னேன்ல மாப்ள, இப்பிடி பக்கத்துல வந்து பாருங்க" என்று அனஸைக் கூப்பிட்டார். பார்க்கப் போனவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். போகட்டும் என்று ஜாபிர் இருந்திருப்பான். ஆனால் சஹனில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே தாம்பாளத்தில் நாலு பேர் சாப்பிடும்போது, சோற்றை அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள். நடுவில் குவித்த கறியை மட்டும் பெரியவர் பார்த்துப் பங்கு தள்ளுவார். பெரிய நல்லி எலும்பு யார் பக்கம் போகிறதோ, அவருக்குத்தான் அன்றைய மரியாதை. அதுநாள்வரை ஜாபிர் பக்கம் வந்துகொண்டிருந்த நல்லி, அன்று சாகுல் ஹமீதின் விரல் பட்டு, நெய்ச்சோற்றின் மேல் வழுக்கிக்கொண்டு அனஸ் பக்கம் போய் நின்றது.

"சாப்பிடுங்க மாப்ள. உழைக்கிற உடம்பு" என்றார் அவர்.

"அப்ப நாங்கள்லாம் கடையில தூங்குறோமா மாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான் ஜாபிர். சிரிப்பு உதட்டைத் தாண்டவில்லை.

மலைச்சாமி சும்மா இருக்கவில்லை. "நீங்க உக்காந்து உழைக்கிறிய, அவரு நின்னு உழைக்காரு. வயித்தப் பாத்தா தெரியலையா?"

அடுக்களை வாசலில் சிரிப்பு எழுந்தது. மூன்று பெண்களின் சிரிப்பிலும் ரமீஜாவின் சிரிப்பு எது என்பதை ஜாபிரின் காது தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டது.

சாயங்காலம் எல்லோரும் தேநீரும் பால்கோவாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அனஸ் தன் பையிலிருந்து மூடி போட்ட பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றை எடுத்து, ஏதோ மாவைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினான்.

"அது என்ன மாப்ள, மருந்தா?" என்று நூர்னிசா கேட்டார்.

"புரோட்டீன் பவுடர் மாமி. பாலுலேருந்து எடுக்கதுதான். கனமா பயிற்சி எடுத்த அன்னிக்கு மட்டும் ஒரு கரண்டி."

அனஸ் விடியற்காலையில் எழுந்து பளு தூக்குவதை ஜாபிர் பார்த்ததில்லை. முட்டையும் சுண்டலும் மீனுமாக அவன் கணக்குப் பார்த்துச் சாப்பிடுவதையும், பத்து வருடமாக ஒரு கல்யாண வீட்டிலும் இரண்டாம் முறை பிரியாணி வாங்காததையும் பார்த்ததில்லை. அவன் பார்த்தது அந்தக் குலுக்கலை மட்டும்தான். 'ஓஹோ, சூட்சுமம் அதுக்குள்ளதான் இருக்கா' என்று நினைத்துக்கொண்டு, தட்டில் மிச்சமிருந்த பால்கோவாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

ராஜபாளையம் திரும்பும் வழியில் வண்டியின் பின்னால் இருந்த ரமீஜா சொன்னாள்: "காலைல செத்த நேரம் நீங்களும் நடக்கலாம்ல?"

"எவனைப் பாத்து சொல்லுத?"

"உங்களப் பாத்துத்தான் சொல்லுதேன். வேற யாரு இருக்கா வண்டில?"

ஜாபிருக்கு ராஜபாளையத்தில் ஆண்களுக்கான ரெடிமேட் துணிக்கடை. கீழே கடை, மேலே சரக்கு வைக்கும் மாடி. ஆள் படியேறும்போதே மார்பளவும் இடுப்பளவும் அவன் கண்ணில் விழுந்துவிடும். அனஸுக்கு மார்பு நாற்பத்திரண்டு, இடுப்பு முப்பத்திரண்டு. தன் அளவை அவன் யாருக்கும் சொல்வதில்லை. கடையில் தனக்கு வேண்டிய சட்டையை, ஆள் இல்லாத நேரத்தில், கடைசி அடுக்கிலிருந்து எடுத்துக்கொள்வான்.

அந்தத் தெருவின் கோடியில், ஜமாஅத்துக்குச் சொந்தமான கட்டிடத்தின் மாடியில் அனஸின் ஜிம். காலையில் பெண்களுக்கு அவன் மனைவி சப்ரீன் பயிற்சி கொடுப்பாள். கடையில் உட்கார்ந்தபடியே, யார் யார் உள்ளே போகிறார்கள், யார் யார் இளைத்து வெளியே வருகிறார்கள் என்று ஜாபிரால் பார்க்க முடியும். பார்த்தான். தினமும் பார்த்தான்.

சட்டைச் சரக்கு கொண்டுவரும் ஏஜென்ட் தனுஷ்கோடி அந்த வாரம் வந்தபோது, ஜாபிர் குரலைத் தாழ்த்தி விசாரித்தான். மறு வாரமே தனுஷ்கோடி ஒரு பெரிய கறுப்பு டப்பாவோடு வந்து நின்றான்.

"வெளிநாட்டுச் சரக்கு பாய். லேசுல கிடைக்காது."

"டப்பாவுல பேரே இல்லையேய்யா?"

"பேரு ஒட்டினா விலை ஏறிரும். நமக்குள்ள என்ன பேரு?"

"இதுக்கு எக்சர்சைஸ் எல்லாம் எடுக்கணுமோ?"

"அது வேலைவெட்டி இல்லாதவங்களுக்கு. நீங்க கல்லாவுல உக்காருங்க. பவுடரு உள்ள போயி அது பாட்டுக்கு எக்சர்சைஸ் எடுத்துக்கிடும்."

காலரில் லேபிள் இல்லாத சட்டையைக் கையால் தொடாதவன் ஜாபிர். எந்தக் கம்பெனி, எந்தத் துணி, எப்படித் துவைக்க வேண்டும் என்று மூன்றும் அச்சாகியிருந்தால்தான் சரக்கை இறக்குவான். வாடிக்கையாளரிடமும், "லேபிள் இல்லாதத நம்பாதிய" என்று பாடம் நடத்துவான். அப்படிப்பட்டவன், என்ன மாவு, யார் செய்தது, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று ஒரு எழுத்தும் இல்லாத டப்பாவை வாங்கி, மாடியில் பழைய சட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். பொறாமை என்பது கண்ணாடி போட்டவனையும் குருடனாக்கிவிடும் போலிருக்கிறது.

நோம்பு தொடங்கியது. கொஞ்சம் பவுடரைத் தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய், விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்தில் ரமீஜா அந்தப் பக்கம் திரும்பும்போது டம்ளரில் கொட்டிக் குடிப்பான். பாயசம் மாதிரி இனித்தது. குடித்த பிறகு தூக்கம் போய்விடும். கை லேசாக நடுங்கும். 'வேலை செய்யுது' என்று சந்தோஷப்பட்டான். சில நாட்கள் கழித்து, கடை திறக்கும் முன்னால், கண்ணாடிக்கு முன் நின்று ஒரு சைஸ் குறைந்த சட்டையைப் போட்டுப் பார்த்தான். நடுப் பொத்தான் தெறித்துப் போய் கல்லாப் பெட்டிக்குக் கீழே உருண்டது. இளைக்கவில்லை, இன்னும் பருத்திருந்தான்.

அந்தப் பொத்தானைக் குனிந்து எடுக்க முடியாமல் நின்ற நிமிடத்தில்தான் அவன் மனம் வேறு பக்கம் திரும்பியது. 'எனக்குப் பலிக்கல. அவனுக்கு மட்டும் எப்பிடிப் பலிச்சிருக்கும்? எதையோ ஊசியில ஏத்துறான்.'

மகனுக்குப் பெருநாள் சட்டை எடுக்க வந்த ஒருவரிடம் முதலில் சொன்னான்: "பையன ஜிம்முக்கா அனுப்புறிய? அந்தப் பவுடரு கிட்னிய அரிச்சிரும், தெரியும்லா?" கடையில் ஒரு கிட்னியாகப் புறப்பட்ட பேச்சு, அடுத்த தெருவுக்குள் இரண்டு பேர் டயாலிசிஸில் கிடப்பதாக வளர்ந்துவிட்டது. இன்னொருவர் நம்பாமல் முகத்தைச் சுளித்தபோது, ஜாபிர் குரலை இறக்கினான். "கல்யாணம் ஆகி மூணு வருசம் ஆச்சு. அவனுக்கே இன்னும் ஒண்ணும் தங்கலையே. நான் சொல்லல, நீங்களே யோசிங்க."

அதோடும் நிற்கவில்லை. ஜாபிருக்கு அழகான கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் தமிழய்யா சொல்லிக்கொடுத்த முறைப்படி, அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பிசகாமல் எழுதுவான். தெருவில் குழாய் வரவில்லை என்றாலும், மின்கம்பம் சாய்ந்தாலும் அவன்தான் மனு எழுதுவான். ஜமாஅத் கட்டிடத்தின் மாடியை அனஸுக்கு விட்ட ஒப்பந்தம் அந்தப் பெருநாளோடு முடிகிறது. புதுப்பிப்பதா வேண்டாமா என்று பெருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கமிட்டி கூடி முடிவு செய்யும். கையில் கொடுக்கும் கடிதம் அலுவலக மேசையிலேயே கிடந்துவிடும். தபாலில் வருவதைத்தான் எண் போட்டுக் கமிட்டியில் வாசிப்பார்கள். ஆகவே, 'சமுதாய இளைஞர்களின் உடல்நலத்தைக் கருத்தில் கொண்டு' என்று தொடங்கி, இரண்டு பக்கம் எழுதி, தபாலில் போட்டான். மாடி கைவிட்டுப் போனால், கடன் வாங்கி இறக்கிய இயந்திரங்களை அனஸ் இரும்பு விலைக்குத்தான் விற்க வேண்டும். அது ஜாபிருக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டான்.

இதில் ஒரு வேடிக்கை. ஊருக்கெல்லாம் விஷம் என்று சொன்ன பவுடரை அவன் நிறுத்தவில்லை. பெருநாளன்று மாமனார் வீட்டில் மறுபடியும் சஹன் வைப்பார்கள். அந்த மின்விசிறி, அந்த நல்லி எலும்பு. அதற்குள் ஏதாவது நடந்துவிடாதா என்ற நப்பாசை.

நோம்பு பாதி கடந்த ஒருநாள், நோம்பு திறந்த கையோடு சப்ரீன் அக்கா வீட்டுக்கு வந்தாள். ஜாபிர் கூடத்தில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான். அடுக்களையில் பேசியது அப்படியே கேட்டது.

"காலைல வர்ற பொம்பளைகள்ல பாதிப் பேரு நின்னுட்டாங்க லாத்தா. ஒரு அம்மா நேராவே கேட்டாங்க, 'இத குடிச்சா எங்களுக்கும் மீசை மொளைக்குமா, பிள்ள தங்காதா'ன்னு. நான் கடைக்குப் போனா எம் மூஞ்சிய யாரும் பாக்கல. வயித்தப் பாக்காளுவ."

"கிறுக்குச் சிறுக்கிய. விட்டுத் தள்ளு."

"எப்பிடி விடுறது? அவருக்கு ஒரு கோளாறும் இல்ல லாத்தா. தைராய்டு எனக்குத்தான். வைத்தியம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். இப்ப அவியளக் காப்பாத்தணும்னா, எங் கொறைய நான் தெருவுல நின்னு சொல்லணும். சொல்லவா?"

சப்ரீன் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த நேரத்தில் ஜாபிர் எழுந்து போய், 'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கஞ்சியைக் கிளறியபடி, 'புருசனுக்காக எப்பிடி அழுறா. ரமீஜா எனக்காக ஒருநாள் அழுதிருப்பாளா?' என்று அதற்கும் பொறாமைப்பட்டான்.

பெருநாளுக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. தனுஷ்கோடி மூன்று வேளை குடிக்கச் சொல்லியிருந்தான். நோம்பில் பகலில் குடிக்க முடியாது. விட்டுப்போன வேளைகளையும் சேர்த்துச் சஹருக்கே போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று ஜாபிர் யோசித்தான். அந்தத் திங்கட்கிழமை, மூன்று வேளைக்கும் உரியதை அரை டம்ளர் தண்ணீரில் களி மாதிரிக் கரைத்து விழுங்கினான். அதிகம் தண்ணீர் சேர்த்தால் சத்து நீர்த்துப் போகும் என்பது அவனாகக் கண்டுபிடித்த வைத்தியம். வயிறு கனத்ததால் சோறும் இறங்கவில்லை. மேற்கொண்டு ஒரு வாய் தண்ணீரும் குடிக்கவில்லை. அதற்குள் நோம்பு தொடங்கும் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

அன்று கடையில் பெருநாள் கூட்டம். உச்சிப்பொழுதில் ஒரு வாடிக்கையாளருக்கு நாற்பத்திரண்டு அளவில் வெள்ளைச் சட்டை எடுக்க மாடிக்கு ஏறினான். நெஞ்சு மில் ஓடுவதுபோல அடித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பெட்டியை இழுத்தான், பெட்டிகள் அவனோடு சேர்ந்து சரிந்தன.

சத்தம் கேட்டு ஓடிவந்த விற்பனையாள் பால்பாண்டி, முதலாளி கிடந்த கோலத்தைப் பார்த்து அலறினான். நாலு பேர் சேர்ந்தும் ஜாபிரைக் கீழே இறக்க முடியவில்லை. ஏணி மாதிரி ஒடுங்கிய படிக்கட்டு. நடுவில் ஒரு திருப்பம் வேறு. இரண்டு பேருக்கு மேல் நிற்க இடமில்லை. பால்பாண்டி தெருக்கோடிக்கு ஓடினான்.

அனஸ் வந்தான். அவனுக்கும் நோம்புதான். குனிந்து, ஜாபிரை முதுகில் சாத்தி, தொடைகளுக்குக் கீழே கையைக் கொடுத்து எழுந்தான்.

"கழுத்தக் கட்டிப் பிடிங்க அண்ணே. கண்ண மூடாதிய. எங்கூடப் பேசிக்கிட்டே வாங்க."

ஒரு கையால் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து அனஸ் இறங்கினான். அந்த முதுகில் மூட்டையாகக் கிடந்தபோதும் ஜாபிரின் மனம் தன் வேலையை விடவில்லை. 'நாற்பத்திரண்டு இல்ல. நாற்பத்திநாலு' என்று அளந்தது.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். டாக்டர் பரிபூரணம் நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "சஹருக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"கொஞ்சம் சோறு, தயிரு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல டாக்டர்."

"ஒண்ணும் இல்லாததுக்கா நெஞ்சு இந்த ஓட்டம் ஓடுது?"

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ரமீஜா வந்தாள். கையில் கறுப்பு டப்பா. சரிந்த பெட்டிகளுக்குப் பின்னால் அது மூடி திறந்து கவிழ்ந்து கிடந்திருக்கிறது. அதைக் கட்டிலில், அவன் காலடியில், டக்கென்று வைத்தாள். அவளுக்குப் பின்னால் சாகுல் ஹமீது, சப்ரீன், அனஸ். எல்லோர் கண்ணும் டப்பாவின் மேல்.

"ஊரு முழுக்க விஷம் விஷம்னு சொன்ன வாயி. எங்கிட்டயும் சொன்ன வாயி. அந்த வாயாலதான் இதக் குடிச்சியளோ?" என்றாள் ரமீஜா.

ஜாபிர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

டாக்டர் டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கொஞ்சம் மாவை உள்ளங்கையில் கொட்டி மோந்தார். "இது என்னதுன்னு எனக்கே தெரியல. பேரு இல்ல, உரிம நம்பர் இல்ல, என்ன கலந்திருக்கான்னு ஒரு வரி இல்ல. உங்க நெஞ்சு அடிக்கதப் பாத்தா, காப்பிச் சத்து மாதிரி எதையோ அள்ளிப் போட்டிருப்பான்னு தோணுது. சோதிச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும். அதையும் தண்ணி இல்லாம முழுங்கிட்டு நோம்பு பிடிச்சிருக்கீங்க. சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தாங்க. இல்லேன்னா நான் வேற மாதிரி பேசிக்கிட்டு இருப்பேன்."

சாகுல் ஹமீது மெதுவாகக் கேட்டார்: "அப்ப அந்தப் பவுடரே ஆகாதா டாக்டரம்மா? கிட்னி போயிரும்னு ஊருல பேச்சு."

"நீங்க பால் வியாபாரம்தானே பாய்? பாலத் திரைச்சு பன்னீர் எடுத்தா மிஞ்சுற தெளிஞ்ச தண்ணி இருக்குல்லா, அதுலேருந்து எடுக்கதுதான் பெரும்பாலும் புரோட்டீன் பவுடர். சாப்பாடுதான். ஊசி மருந்து வேற, இது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பி, பிள்ள தங்காது, மீசை மொளைக்கும்னு பேசுறாங்க. நல்ல உடம்புக்கு, அளவாக் குடிச்சா கிட்னி ஒண்ணும் ஆகாது. ஏற்கெனவே கிட்னிக் கோளாறு இருக்கவங்க, சர்க்கரைக்காரங்க, கர்ப்பிணிங்க டாக்டரக் கேக்காமத் தொடக் கூடாது. முட்டை, பருப்பு, மீன், பாலு ஒழுங்காச் சாப்பிட்டா நம்மள்ல முக்காவாசிப் பேருக்கு அது தேவையும் இல்ல."

"குடிச்சா உடம்பு ஏறுமா?" இதைக் கேட்டது ஜாபிர். சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

டாக்டர் சிரித்துவிட்டார். "ஏறும். உங்களுக்கு ஏறியிருக்குல்லா, வயித்துல? செங்கலக் கொண்டாந்து வாசல்ல எறக்கிட்டா வீடு தானா எந்திரிச்சு நிக்குமா பாய்? யாராவது வேல பாக்கணும்ல."

"பன்னீருக்காரன் சாக்கடையில ஊத்துற தண்ணிக்கா இம்புட்டுப் பேச்சு" என்று சாகுல் ஹமீது தலையில் கை வைத்துக்கொண்டார்.

டாக்டர் போன பிறகு அனஸ் ஜன்னலோரம் நின்று தோளை நீவிக்கொண்டிருந்தான். பாரம் இறக்கிய வலி. ஜாபிர் கடைசியில் அந்தப் பக்கம் திரும்பினான்.

"அனஸு... ஒண்ணு சொல்லணும். ஜமாஅத்துக்கு ஒரு கடுதாசி..."

"படிச்சுட்டேன் அண்ணே. கமிட்டில விளக்கம் கேட்டு எனக்குக் குடுத்தாங்க. வந்து பத்து நாளாச்சு." அனஸ் நிறுத்திச் சொன்னான். "நல்ல கையெழுத்து உங்களுக்கு. ஒரு அடித்தல் திருத்தல் இல்ல."

தெரிந்துகொண்டேதான் இவன் மாடிப்படி இறங்கியிருக்கிறான். ஜாபிருக்கு அதுவரை அனஸிடம் இருந்த எல்லாவற்றின் மேலும் பொறாமை இருந்தது. இப்போது முதல் தடவையாக, அளவெடுக்க முடியாத ஒன்றைப் பார்த்துப் பொறாமை வந்தது.

சப்ரீன் கட்டில் அருகே வந்தாள். அவள் அழவில்லை. "அந்தப் பேச்சும் உங்க கடையிலேருந்துதான் கிளம்புச்சா மச்சான்? பிள்ள பேச்சு?"

ஜாபிர் ஆமென்று தலையை அசைத்தான்.

"டப்பாவுல என்ன இருக்குன்னு பாக்காமக் குடிச்சிய. அது உங்க வயித்தோட போச்சு. ஆனா உங்க வயித்தெரிச்சல எடுத்து, அதுக்கு அக்கறைன்னு லேபிள் ஒட்டி ஊருக்கே ஊத்திக் குடுத்தியளே. அதக் குடிச்சது நான். ரெண்டுல எது விஷம்னு நீங்களே சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கமிட்டி. செவ்வாய் சாயங்காலமே ஜாபிர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தான். ரமீஜா எதிரில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அனுப்புநர், பெறுநர் எல்லாம் சரளமாக வந்தன. 'பொருள்' என்ற இடத்தில் பேனா நின்றது. கடைசியில், 'நான் எழுதிய பொய்யைத் திரும்பப் பெறுதல்' என்று எழுதினான்.

ஒரு பக்கம் முடிந்ததும், பழக்கத்தில் கை ஓடியது: 'எனினும், இளைஞர்கள் இதுபோன்ற கூடங்களில் அதிக நேரம் செலவிடுவது குறித்து...'

ரமீஜா எட்டிப் பார்த்து, ஈரக் கையால் அந்த 'எனினும்' மேல் விரலை வைத்தாள். "இது யாரு எழுதுறது? நீங்களா, உங்க வயித்தெரிச்சலா?"

மை கரைந்து பரவியது. அவன் கடிதத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது என்பது ஊருக்கே தெரியும். ஆகவே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு, முதலிலிருந்து எழுதினான். இந்தத் தடவை 'எனினும்' இல்லை. முடிவில் இப்படி இருந்தது:

'புரோட்டீன் பவுடர் மந்திரமும் அல்ல, விஷமும் அல்ல. அது ஓர் உணவு. உழைக்காத உடம்பை அது வளர்க்காது. அளவாக, தெரிந்து, தேவைக்குச் சாப்பிடும் நல்ல உடம்பை அது கெடுக்காது. பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவை யாரும் வாங்க வேண்டாம். வாங்கி நான் பட்டது போதும். உடம்பில் சந்தேகம் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள், என்னைப் போன்ற பக்கத்துக் கடைக்காரனைக் கேட்காதீர்கள். சகோதரர் அனஸின் பவுடரைப் பற்றியும் அவர் குடும்பத்தைப் பற்றியும் நான் சொன்னவற்றில் ஓர் எழுத்தும் உண்மை இல்லை. அவற்றைச் சொல்ல வைத்தது என் பொறாமை. பிறர் உடம்பைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனுக்குத் தன் உடம்பும் தங்காது, உறவும் தங்காது. இக்கடிதத்தை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், பெண்கள் பகுதிக்கும் கேட்கும்படி, ஒலிபெருக்கியில் வாசிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.'

ரமீஜா படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயத்தாலா, அவனுக்காகவா என்று ஜாபிர் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை வண்டியை எடுக்காமல் தபால் நிலையத்துக்கு நடந்தான். பாதித் தூரத்திலேயே மூச்சு வாங்கியது. ஒரு கடை வாசலில் நின்று, மறுபடியும் நடந்தான். எதிரே ஜிம் மாடியிலிருந்து அனஸ் கையை ஆட்டினான். சட்டை தோளில் இறுக்கமாக, அளவெடுத்துத் தைத்தது போல நின்றது. ஜாபிரின் கண் பொறாமையோடு மறுபடியும் அதை அளந்தது. அது ஒரே நாளில் போய்விடுகிற வியாதி இல்லை. ஆனாலும் கையை உயர்த்திப் பதிலுக்கு ஆட்டினான்.

தபால் நிலையத்தில் உறையின் வாயில் பசையைத் தடவி, ஓரங்களை ஒட்டி, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினான். ஒருமுறை போதாதென்று இன்னொரு முறையும் அழுத்தினான். கவுண்டரில் இருந்தவர் அவனை அடையாளம் கண்டுகொண்டு, "என்ன பாய், மறுபடியும் ஜமாஅத்துக்கா? யாரு மேல புகார்?" என்று கேட்டார்.

"எம் மேலதான்" என்று சொல்லி ஜாபிர் உறையை உள்ளே தள்ளினான். முத்திரை டமால் என்று விழுந்தது.